கரண்ட் போக முன்னம்

பாரிசிலிருந்து புறநகரான பொண்டிக்குப் போகும் ரயில் கிளம்பி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, பொன்னம்பலத்தின் சூட்கேஸ் ஒழுகத் தொடங்கிவிட்டது. இளஞ்சிவப்பாய் ஒரு நீர்க்கோடு மெல்ல நகர்ந்து எதிரே இருந்த பெண்ணின் காலில் கிடந்த வெள்ளைச் சப்பாத்தை நோக்கிப் போனது. அவள் கோட்டைப் பார்த்தாள், சூட்கேசைப் பார்த்தாள், பிறகு பொன்னம்பலத்தின் முகத்தைப் பார்த்தாள். போலீசுக்கு டெலிபோன் அடிப்பதா வேண்டாமா என்று அவள் யோசிப்பது அவருக்கு நன்றாகவே விளங்கியது.

"ஆடு," என்றார் பிரெஞ்சில். "மகளின் கலியாணம்."

இரண்டும் சத்தியமான உண்மை. ஆனால் இரண்டையும் சேர்த்துக் கேட்டதும் அவள் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள்.

மகள் தர்மிளாவின் கலியாணம் தை மாதம். கலியாணத்தன்று கோயிலில் சைவச் சாப்பாடு, அதில் ஒரு கரைச்சலும் இல்லை. கரைச்சல் நாலாஞ்சடங்கில் இருந்தது. கலியாணம் முடிந்து நாலாம் நாள் மாப்பிள்ளை பகுதியைக் கூப்பிட்டு மச்சச் சாப்பாடு போட வேண்டும். அறுபது பேர். பொன்னம்பலம் சும்மா இருந்திருக்கலாம். கலியாணப் பேச்சுக்கால் நடந்த அன்று, ஒருவரும் கேட்காமலே, கோழி கீழி என்ற கதையே இல்லை, எல்லாருக்கும் ஆட்டிறைச்சிதான் என்று வாயைக் கொடுத்துவிட்டார். சம்பந்தியம்மா அந்த இடத்திலேயே டெலிபோனை எடுத்து இலண்டனில் இருக்கும் தங்கைக்கு அதைச் சொன்னார். இனி மாற்றினால் இரண்டு நாட்டில் மானம் போகும்.

அது வசந்தகாலத்தில் சொன்ன சொல். அதற்குப் பிறகு சாமான் விலை ஏறிய ஏற்றம் உங்களுக்குத் தெரியும். சண்டை நடந்தது எங்கேயோ, தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் எண்ணெய்ப் போத்தல் இருந்த தட்டில் 'ஒருவருக்கு ஒன்று' என்று எழுதி ஒட்டினார்கள். இறைச்சிக் கடைக்காரன் கிழமைக்குக் கிழமை விலைப் பலகையை அழித்து எழுதினான். மாரிக் குளிர் வந்தால் இன்னும் ஏறும், தைக்கு ஆடே கிடைக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். பொன்னம்பலம் அதற்குமேல் பொறுக்கவில்லை. ஒரு பழைய பெரிய பிரீசரை வாங்கினார். அது வாசலுக்குள் நுழையாததால் கதவைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து நடையில் வைத்தார். இரண்டு சிநேகிதரோடு பாரிசுக்கு வெளியே ஒரு பண்ணைக்குப் போய், ஆடு அடித்துப் பங்கு போட்டு, தன் பங்கைக் கட்டிக் கட்டியாய் அதற்குள் அடுக்கினார். அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் பக்கவாட்டில் நடந்தார்கள். பொன்னம்பலம் ஒன்பது நாள் சந்தோசமாக இருந்தார்.

பத்தாம் நாள் ரேடியோவில், இந்த மாரியில் மின்சாரம் பற்றாமல் போகலாம், போனால் இடத்துக்கு இடம் முறை வைத்து இரண்டு மணித்தியாலம் நிறுத்தக்கூடும் என்றார்கள்.

"ரெண்டு மணித்தியாலம்தானே," என்றாள் மனைவி கலாவதி. "மூடியைத் திறக்காட்டி இறைச்சிக்கு ஒண்டும் ஆகாது."

"ஊரிலையும் கொஞ்ச நேரம் எண்டுதான் நிப்பாட்டினவங்கள். திரும்ப வர எத்தினை வருசம் எடுத்தது? நான் மண்ணெண்ணெய் விளக்கிலை ஏ.எல். படிச்சனான்."

இது பிரான்ஸ் என்று தர்மிளா பிரெஞ்சில் ஞாபகப்படுத்தினாள்.

"யாழ்ப்பாணமும் யாழ்ப்பாணமாத்தான் பிள்ளை இருந்தது," என்றார் பொன்னம்பலம்.

முறை வைத்துத்தானே நிறுத்துவார்கள், அப்படியென்றால் கரண்ட் போகாத இடமாகப் பார்த்து இறைச்சியைக் கொண்டுபோய் வைத்தால் சரி என்று அவர் கண்டுபிடித்தார். சும்மா ஓடி என்னத்துக்கு என்று பிரீசரின் வயரையும் கழற்றினார். கலாவதி அதன் மேல் ஒரு படுக்கை விரிப்பைப் போட்டுக் கூறைப் பெட்டி, தாம்பாளம் எல்லாவற்றையும் ஏற்றி வைத்தாள். வைத்துக்கொண்டே, கட்டடத்தைப் பராமரிக்கும் ஜெர்மேன் ஒரு விசயம் சொன்னவ என்று தொடங்கினாள்.

"ஜெர்மேன் ஆட்டைப் பற்றி என்னத்தைக் கண்டவ? நீ பேசாமல் இரு."

அப்படித்தான் சூட்கேஸ் பொண்டிக்குக் கிளம்பியது.

பொண்டியில் இருப்பது பெரியம்மாவின் மகள் தில்லைநாயகி. அவளுடைய பிரீசரில் மீன் வழிந்தது. முறுமுறுத்துக்கொண்டே நாலைந்து மீனை எடுத்து வெளியே வைத்து, தம்பியின் ஆட்டுக்கு இடம் விட்டாள். பொன்னம்பலம் அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டார்.

மூன்றாம் நாள் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. ஆர் எவர் என்று தெரியாத ஒருவர், மரண அறிவித்தல் வாசிக்கும் குரலில், வியாழக்கிழமை பொண்டியில் கரண்ட் போகும் என்றார். பொன்னம்பலம் வேலை செய்யும் ரெஸ்டோரண்ட் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். பல்லு வலி தாங்க முடியவில்லை என்று முதலாளியான பத்ரோனிடம் சொல்லிக் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, தெருமுனையில் கையை எடுத்துவிட்டு ஓடினார்.

இந்த முறை தில்லைநாயகி வேறு ஆளாக இருந்தாள். வடையும் தேத்தண்ணியும் வந்தன. அவளுடைய மருமகன் ரொஷான் எழுந்து நின்று கதைத்தான். போன முறை வழிந்த பிரீசர் அரைவாசிக்கு மேல் காலி. மீனெல்லாம் எங்கே அக்கா என்று கேட்டதற்கு, உனக்குத் தெரியாததே என்று சிரித்தாள். போகும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, உன்ரை மனம் ஒருத்தருக்கும் வராது."

ஆட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு இது கொஞ்சம் கூடுதலாகப் பட்டது. ஆனாலும் யார்தான் வேண்டாம் என்பார்கள்.

அடுத்தது லா கூர்னெவ். முன்பு கூட வேலை செய்த துஷ்யந்தன் அங்கே பதினோராம் மாடியில் இருந்தான். லிஃப்ட் வேலை செய்யவில்லை. பொன்னம்பலம் மூன்று மாடிக்கு ஒருதரம் சூட்கேஸ் மேல் இருந்து இளைப்பாறி ஏறினார். மறுநாள் பின்னேரம் மரண அறிவித்தல்காரர் லா கூர்னெவ்வையும் சொன்னார். பொன்னம்பலம் திரும்பப் போய் அதே பதினொரு மாடியை இறங்கினார். துஷ்யந்தனின் மனைவி வாசல்வரை வந்து, அண்ணையைப் போல இந்தக் காலத்தில் ஆர் இருக்கினம் என்று கண் கலங்கினாள். இரவல் பிரீசருக்கு இவ்வளவு மரியாதையா என்று அவருக்கு ஒரே குழப்பம்.

பிறகு பியர்ஃபித்தில் தமையனின் மகள் நிரோஜினி. அவளிடம் இருந்தது குளிர்சாதனப் பெட்டியின் தலையில் உறைய வைக்கும் ஒரு சின்னத் தட்டு. அதற்குள் ஒரு தொடைதான் போனது. மிச்சத்தை பல்கனியில் வையுங்கோ சித்தப்பா, குளிர்தானே என்றாள். எங்கே குளிர்? இவரைப் பயப்படுத்திய மாரி, இவர் பல்கனியை நம்பிய கிழமை பார்த்து வராமல் நின்றது. நவம்பரில் சனம் கோட்டில்லாமல் வெறும் சேட்டோடு திரிந்தது. இரண்டாம் நாள் காகம் வந்தது.

கலாவதி டெலிபோனில், இளகின இறைச்சியைத் திரும்பக் கட்டியாக்கக் கூடாது, சமைக்கத்தான் வேணும் என்றாள். பிறகு, இஞ்சாருங்கோ, நான் அண்டைக்குச் சொல்ல வந்தது என்னெண்டால் என்று இழுத்தாள். அவர் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் கட் பண்ணினார். இளகினதில் தூக்கக்கூடியதை வீட்டுக்குக் கொண்டுவந்தார்; அந்தக் கிழமை வீட்டில் காலையும் மாலையும் ஆட்டிறைச்சி. தர்மிளா மூன்றாம் நாள் தனக்குப் பாண் போதும் என்றாள். பொன்னம்பலம் வேலைக்கும் கட்டிக்கொண்டு போனார். பல்லு வலியென்று போனவர் எலும்பு சூப்பிக்கொண்டிருப்பதைப் பத்ரோன் கண்டுவிட்டார். இனி ஒரு நாள் இப்படிப் போனால் திரும்பி வரத் தேவையில்லை என்று அமைதியாகச் சொன்னார்.

அன்றிரவே சம்பந்தி டெலிபோன் எடுத்தார்.

"அறுபது எழுபதாகும் போலை கிடக்கு. உங்கடை ஆட்டிறைச்சி எண்டதும் இலண்டன் ஆக்களும் வெளிக்கிட்டிட்டினம்."

அதன் பிறகு பொன்னம்பலத்துக்கு நித்திரை இல்லை. புரண்டு படுத்தால் எழுபது வெறும் சாப்பாட்டுக் கோப்பை தெரிந்தது. கோயில் மண்டபத்தில், லா ஷப்பல் கடைகளில், மகளின் புகுந்த வீட்டில், வாய்ச்சொல்லில் வீரர் பொன்னம்பலம் என்று சனம் சிரிக்கும். தன்னைச் சிரித்தால் பரவாயில்லை. அதைத் தர்மிளா அல்லவா காலம் முழுக்கக் கேட்க வேண்டும்?

சனிக்கிழமை மத்தியானம், இரண்டு நேர வேலைக்கும் நடுவில் கிடைத்த இடைவேளையில், பியர்ஃபித்துக்கு ஓடினார். பல்கனிக் கதவைத் திறந்ததுமே மணம் சொல்லிவிட்டது. அவ்வளவையும் குப்பைப் பையில் கட்டிக் கீழே கொண்டுபோய்ப் போட்டார். போட்டுவிட்டு அந்தத் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்று கண்ணைத் துடைத்தார். மிஞ்சியது தட்டில் இருந்த அந்த ஒரு தொடை. அதையாவது சொந்த வீட்டில் சொந்தப் பிரீசரில் வைப்போம், கரண்ட் போனால் போகட்டும் என்று சூட்கேசோடு வீட்டுக்கு வந்தார்.

நடையில் நின்று கூறைப் பெட்டியை இறக்கினார். தாம்பாளங்களை இறக்கினார். படுக்கை விரிப்பை இழுத்தபோதுதான் பிரீசர் உறுமிக்கொண்டிருப்பது கேட்டது. மூடியைத் திறந்தார்.

விளிம்பு வரைக்கும் நிரம்பியிருந்தது. மேலே கிடந்த ஒவ்வொரு பையிலும் மார்க்கரால் பெயர். தில்லைநாயகி, மீன். துஷ்யந்தன், கோழியும் றாலும். நிரோஜினி, கணவாய். கூர்னெவ் பதினோராம் மாடியில் இருக்கும், அவருக்கு முகம்கூடத் தெரியாத மூன்று குடும்பங்கள். அடியில் பெயர் எழுதாத சில பைகள்.

"இது என்ன கலா?"

கலாவதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"பின்னாலை இருக்கிற பெரிய ஆசுபத்திரிக்குப் போற லைனிலைதான் எங்கடை கட்டடமும் இருக்காம். எங்கை நிப்பாட்டினாலும் இஞ்சை நிப்பாட்ட மாட்டினமாம். ஜெர்மேன் முதல் நாளே சொன்னவ. உங்களுக்கு ரெண்டு தரம் சொல்ல வந்தன். தில்லைநாயகி அக்காவுக்கு ஒருக்காத்தான் சொன்னன்."

ரொஷான் மறுநாளே மீனோடு வந்து நின்றானாம். அவன் துஷ்யந்தனுக்குச் சொல்லி, துஷ்யந்தன் மாடிக்கே சொல்லி, வந்தவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் நம்பினார்களாம்: தங்களுக்கு இடம் விடுவதற்காகத்தான் பொன்னம்பலம் அண்ணை தன் ஆட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்த் திரிகிறார் என்று.

பொன்னம்பலம் சூட்கேஸ் மேல் பொத்தென்று இருந்தார். கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. எழுபது பேருக்கு ஒரு தொடை. வேலையும் நூலில் தொங்குகிறது, இனி ஓர் ஆடு வாங்க வழியில்லை.

"என்ரை பிள்ளையின்ரை சடங்கு போச்சு கலா," என்றார்.

கலாவதி ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். அவர் பழக்கதோசத்தில் கையை உயர்த்தி அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னார். அவளும் சரியென்று பிரீசரின் மூடியைச் சாத்தினாள்.

கதவைத் தட்டிக்கொண்டு ஜெர்மேன் உள்ளே வந்தாள். ஒரு கையில் பிரீசரில் வைக்கக் கொண்டுவந்த பெரிய பை, மறு கையில் சின்னப் பை. நடையில் குந்தியிருந்த பொன்னம்பலத்துக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, அவர் தலைக்கு மேலால் சின்னப் பையைக் கலாவதியிடம் நீட்டினாள்.

"மதாம், பிரீசருக்கு என்னுடைய இந்தக் கிழமை வாடகை, ஒரு கிலோ ஆட்டிறைச்சி, தை வரைக்கும் எல்லோரும் இப்படியே கட்டினால் எழுபது பேருக்குப் போட்டும் மிஞ்சும் என்று நீங்கள் சொன்னது சரிதான்."