மூன்றாம் அறைக்குப் போன கேக்

ஒருவரைக் கேக் கொடுத்துக் கொல்லப் பார்த்தவன் நான். வேண்டுமென்று அல்ல, கெட்டித்தனத்தால்.

எண்பதுகளின் கடைசி. சுவிஸின் பேர்ண் நகரில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராத காலம். தபால்காரரைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒளிவேன். கொழும்பில் கொம்பியூட்டர் படித்தவன் என்று தெரிந்ததும், சமையலறைப் பொறுப்பாளர் நோயாளிகளின் சாப்பாட்டுப் பட்டியலை என்னிடம் தந்தார். (அரைவாசிதான் படித்தேன் என்பதை நான் சொல்லவில்லை.)

நோயாளிகளைக் கொம்பியூட்டரில் அறை வாரியாகப் பதிந்தேன். அச்சடித்தால் அதே வரிசையில் வந்தது. பிறகு அறை எண் எதற்கு? சாப்பாட்டை மட்டும் அச்சடித்தேன்: முதல் வரி முதலாம் அறைக்கு, இரண்டாம் வரி இரண்டாம் அறைக்கு. இரண்டு மாதம் பிசகவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஒரு நாள் மூன்றாம், பதினான்காம் அறைக்காரர்கள் வீடு போனார்கள். அவர்களை அழித்துவிட்டு, அந்த அறைகளுக்குப் புதிதாக வந்த கிழவரையும் பையனையும் பதிந்தேன். மத்தியானம் மேல்மாடித் தாதி தொலைபேசியில் கத்தினார்: "பதினான்காம் அறைப் பையனுக்கு முறிந்தது கால். ஏன் சீனியில்லாத கஞ்சி?"

கஞ்சி மூன்றாம் அறைக் கிழவருடையது. அவருக்குக் கடும் சீனி வருத்தம், நீரிழிவு. அப்படியென்றால் பையனின் சொக்லேட் கேக்?

நனைந்த ஏப்ரனோடு நாலு மாடி ஏறி ஓடினேன். கிழவர் முள்ளுக்கரண்டியால் தட்டை வழித்துக்கொண்டிருந்தார்.

தாதி இரத்தம் சோதித்தார். டொக்டர் ஊசி போட்டார். கைவிலங்கோடு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கும் நான் என் கண்ணுக்குள் தெரிந்தேன். வாசலில் நின்றபடி, ஞாபகம் வந்த சாமிகளை எல்லாம் கும்பிட்டேன். பின்னேரம்தான் கிழவருக்குச் சீனி இறங்கியது. என்னைக் கூப்பிட்டு மெல்லக் கேட்டார்: "நாளைக்கும் அந்த மெஷின் பிழை விடுமா?"

கீழே வந்து, என்னோடு கோப்பை கழுவும் பேரின்பம் அண்ணையிடம் அழாக்குறையாகச் சொன்னேன்.

"மெஷின், அழிச்ச ஆக்களின்ரை இடத்தில புது ஆக்களை மாறி வைச்சிட்டுது அண்ணை, மூண்டில பையன், பதினாலில கிழவர். கிடந்தபடியே அச்சடிச்சுத் தந்திட்டுது."

"அறை வரிசையில தா எண்டு கேட்டனியோ?"

"இல்லை. இவ்வளவு நாளும் கேளாமலே தந்தது."

"கேளாமல் தந்ததை நம்பியோடா வருத்தக்காரருக்குச் சாப்பாடு அனுப்பினனி?"

அன்றே மெஷினுக்கு நான் கொடுக்கும் கட்டளையில் 'அறை எண் வரிசையில்' என்று சேர்த்தேன், அறை எண்ணையும் அச்சடித்தேன். பொறுப்பாளர் வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஒரு மாதம் ஒவ்வொரு தட்டையும் நானே கொண்டுபோய், பெயர் கேட்டுக் கொடுக்க வைத்தார்.

பேரின்பம் அண்ணை இதை என் கல்யாண வீட்டிலேயே அவிழ்த்துவிட்டார். இன்றைக்கும் நான் "அது தன்ரை பாட்டில நடக்கும்" என்றால் போதும், இங்கே பிறந்த மகள் நிமிர்ந்து பார்ப்பாள்.

"கேட்டனீங்களோ அப்பா?"

நான் வாய் திறக்குமுன் குசினியிலிருந்து மனைவியின் குரல் வரும்:

"கேட்டிருக்க மாட்டார்!"