சாயங்கால நிழலுக்குத் தனிச் சான்று

"கையைக் கீழே போடுங்க. உங்களைத்தான் சொல்றேன்!"

ஜன்னலம்மா தன் கணவரின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார். தூக்கிய கை இறங்குவதாக இல்லை. மேடையில் நின்ற இளம் அதிகாரி அதற்குள் பார்த்துவிட்டார்.

"அந்தப் பெரியவர்கிட்ட மைக்கைக் குடுங்க."

போச்சு. ஜன்னலம்மா முந்தானையை இழுத்துப் பாதி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அது பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். இனிமேல் ஒரு அரசுத் துறையின் கம்ப்யூட்டர் இன்னொரு துறையின் கம்ப்யூட்டரோடு நேரடியாகப் பேசிக்கொள்ளுமாம். 'திறந்த மென்பொருள் இடைமுகம்' என்று திரையில் பெரிதாக எழுதியிருந்தது. பாதிப் பேர் திருதிருவென்று முழிப்பதைப் பார்த்து அதிகாரியே விளக்கினார்.

"ஒன்னுமில்லைங்க. ஒவ்வொரு ஆபீசுக்கும் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு ஜன்னல் வைக்கிறோம். எந்த ஆப் வந்து கேட்டாலும் அந்த ஜன்னல் பதில் சொல்லும். பேப்பரைத் தூக்கிட்டு நீங்க மாடிக்கும் கீழேயும் அலைய வேண்டாம். எந்த ஜன்னலை எதோட இணைக்கணும்னு நீங்கதான் சொல்லணும்."

ஜன்னல் என்றதும் ஜன்னலம்மாவின் கண் சுவருக்குப் போனது. கூட்டம் நடந்ததே பழைய குடிநீர் அலுவலகத்தின் கூடத்தில்தான். கவுன்டர் ஜன்னல்களை அடைத்துப் பூசி வெள்ளையடித்திருந்தார்கள். ஆனாலும் சதுரம் சதுரமாகத் தடம் தெரிந்தது. மாடிப்படியை ஒட்டிய மூன்றாவது சதுரம் அவருடையது. வேலையில் சேர்ந்ததும் அங்கே, ஓய்வு பெற்றதும் அங்கே. ஊரே அவரை ஜன்னலம்மா என்றுதான் கூப்பிட்டது. அங்கே உட்கார்ந்தால், படியில் இறங்கும் செருப்புச் சத்தத்தை வைத்தே வருவது யார் என்று சொல்லிவிடலாம். அதிலும் ஒரு செருப்பு இருந்ததே, இரண்டு படிக்கு ஒரு தரம் சறுக்கிக்கொண்டு! ஹூம், அந்த நாளெல்லாம் இனி எங்கே வரப்போகிறது!

அந்தச் செருப்புக்குச் சொந்தக்காரரான கணவர்தான் இப்போது மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"நான் போட்டோ ஸ்டுடியோ வெச்சிருந்தவன் தம்பி. எல்லாத்தையும் இணைங்க, வேண்டாங்கல. ஆனா கீழ இருந்த குடிநீர் ஆபீசையும் மாடியில இருந்த சர்வே ஆபீசையும் மட்டும் விட்டுடுங்க. அந்தப் படியில ஏறி இறங்கித்தான் எனக்குக் கல்யாணமே ஆச்சு."

கூடம் கொல்லென்று சிரித்தது. அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"புதுசா ஸ்டுடியோ கட்டி, தண்ணி கனெக்‌ஷன் கேட்டு வந்தேன். மூணாம் ஜன்னல்ல இதோ இவங்க. எல்லாம் சரியா இருக்கு, நிழல் சான்று மட்டும் இல்லைன்னாங்க."

"என்ன சான்று?" என்றார் அதிகாரி.

"நிழல் விழாமைச் சான்று. மொட்டை மாடியில வைக்கிற தண்ணித் தொட்டியோட நிழல் பக்கத்து வீட்டு மேல விழலைன்னு சர்வே ஆபீஸ்ல எழுதி வாங்கணும். வாங்கிட்டு வந்தேன். 'இது காலை நிழலுக்கு, சாயங்கால நிழலுக்கு எங்கே?'ன்னாங்க. அதையும் வாங்கிட்டு வந்தேன். 'சீல் வட்டமா இல்லையே, முட்டை மாதிரி இருக்கே'ன்னாங்க. மறுபடி மாடி ஏறினேன். தண்ணி வர்றதுக்குள்ள கல்யாணம் வந்துடுச்சு!"

கைதட்டல் எழுந்தது. ஜன்னலம்மா மட்டும் கைதட்டாமல், திருடனுக்குத் தேள் கொட்டியது போல உட்கார்ந்திருந்தார்.

ஏனென்றால் அப்படியொரு சான்று உலகத்திலேயே கிடையாது.

அன்றைக்கு ஸ்டுடியோக்காரர் கொண்டுவந்த மனுவில் குறையே இல்லை. வாங்கி வைத்துக்கொண்டு 'போய் வாங்க' என்றால் முடிந்தது கதை. ஆனால் அந்த மனுஷன் சும்மா இருந்தாரா? வரிசையில் முதல் ஆளாக நின்றுகொண்டு, "நீங்க இன்னும் சாப்பிடல போலிருக்கு. சாப்பிட்டுட்டு வாங்க, நான் நிக்கிறேன்" என்றார். அந்த ஜன்னலுக்கு முன்னால் நின்று அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. சாப்பிட்டுவிட்டு வந்த பெண்ணின் வாயில் என்ன பேய் புகுந்ததோ, "நிழல் சான்று எங்கே?" என்று கேட்டுவிட்டது. போட்டோக்காரர் ஆயிற்றே, நிழல்தான் நாக்கில் வந்தது. அவர் மறுநாளே சான்றோடு வந்து நின்றபோது ஜன்னலம்மாவுக்கே தூக்கிவாரிப்போட்டது. இல்லாத சான்றைக் கேட்டால்கூட மாடியில் சீல் வைத்துக் கொடுத்துவிடுவார்கள் போலிருக்கிறதே! யார் கொடுத்தார்கள் என்று விசாரிக்க முடியுமா? விசாரித்தால் குட்டு உடைந்துவிடும். கணவரிடமும் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் சொல்லத் தைரியம் இல்லை. பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்ற பயம். போகிற விசேஷ வீட்டிலெல்லாம் அவர் இந்தக் கதையைச் சொல்வார். இவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

அதிகாரி சிரித்து முடித்தார். சட்டென்று முகம் மாறியது.

"நம்ம பட்டியல்ல நிழல் சான்று இல்லையே!"

பக்கத்தில் கம்ப்யூட்டரோடு இருந்த இன்ஜினீயர் பதறினார். "விட்டுப்போச்சு சார். இப்பவே சேர்த்துடறேன்."

டக் டக்கென்று தட்டினார். திரையில் 'குடிநீர்' என்ற கட்டத்துக்கும் 'சர்வே' என்ற கட்டத்துக்கும் நடுவே புதிதாக ஒரு கட்டம் முளைத்தது. இரண்டு பக்கமும் அம்புக்குறி வேறு.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். ஜன்னலம்மா துள்ளி எழுந்தார்.

"அது பழைய காலத்து ரூல் சார். இப்ப இல்ல. எடுத்துடுங்க."

"ரத்து பண்ணின உத்தரவு இருக்காம்மா?"

"உத்தரவா? அதெல்லாம் இல்ல."

"ரத்து ஆகலைன்னா இன்னும் நடைமுறையில இருக்குன்னுதானே அர்த்தம்? நல்லவேளை, ஞாபகப்படுத்தினீங்க." அதிகாரி இன்ஜினீயரைப் பார்த்தார். "கட்டாயம்னு போடுங்க."

கட்டம் சிவப்பாக மாறியது.

"ஐயோ, அது எங்க ஆபீஸ்ல மட்டும்தான் சார். வேற எங்கேயும் கேட்டதே இல்ல!"

"ஒரு ஆபீஸ்ல கேக்கறது, இன்னொண்ணுல கேக்காம விடறது. இந்தப் பாரபட்சத்தை ஒழிக்கத்தாம்மா இந்தத் திட்டமே. எல்லா ஊருக்கும் போடுங்க."

திரையில் இருந்த அத்தனை குடிநீர் அலுவலகங்களிலிருந்தும் சர்ரென்று அம்புகள் கிளம்பின. கூடத்தில் சலசலப்பு. வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து, "சாயங்கால நிழலுக்குத் தனியா வாங்கணுமா?" என்றார்.

"கண்டிப்பா. நிழல் திரும்பிடுமில்ல?" என்று ஸ்டுடியோக்காரர் அன்போடு விளக்கினார். "வெயில் காலத்துக்கும் மழைக் காலத்துக்கும்கூட வித்தியாசம் இருக்கு."

"ஏங்க, நீங்க கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்களேன்!"

"உதவிதானேம்மா பண்றேன்."

அப்போதுதான், இடுப்பில் குழந்தையோடு சுவரோரம் நின்ற பெண் மெல்லக் கேட்டாள். "மேடம், நாலு தெரு தள்ளிப் போய் தண்ணி தூக்கிட்டு வர்றேன். கனெக்‌ஷனுக்கு எழுதிக் குடுத்து மாசக்கணக்காச்சு. இப்பத்தான் எல்லாப் பேப்பரும் சேர்ந்துச்சு. இனிமே இதுவும் வேணுமா?"

ஜன்னலம்மா அவள் கையைப் பார்த்தார். உள்ளங்கை குடம் பிடித்துக் காய்த்துப் போயிருந்தது. சுவரில் இருந்த மூன்றாவது சதுரத்தைப் பார்த்தார். கடைசியாகக் கணவரைப் பார்த்தார். இந்த மனுஷன் வெயிலில் வியர்த்துக் கொட்ட அந்தப் படியில் ஏறி இறங்கியதெல்லாம் தன் பொய்யால் என்று தெரிந்தால் அந்த முகம் எப்படி மாறும்? இத்தனை வருஷமும் தன்னை முட்டாளாக்கி வைத்திருந்தாள் என்று நினைத்துவிட்டால்? ஆனாலும் முழுப் பூசணிக்காயை எத்தனை நாளைக்குத்தான் சோற்றில் மறைப்பது?

மைக்கைப் பிடுங்கினார்.

"வேண்டாம்மா. உனக்கு எதுவும் வேண்டாம். நிழல் சான்றுன்னு ஒன்னு கிடையவே கிடையாது. நானா இட்டுக்கட்டினது."

இன்ஜினீயரின் விரல்கள் தட்டுவதை நிறுத்தின.

"சர்வீஸ்ல வேற யார்கிட்டயும் ஒரு பேப்பர்கூட அதிகமா கேட்டதில்ல சார். இவர் ஒருத்தர்கிட்டதான். மனுவை வாங்கிட்டா மறுபடி வரமாட்டாரேன்னு..." கண் மறுபடி மூன்றாவது சதுரத்துக்குப் போனது. "மறுபடி வரணும்னு தோணுச்சு. அதான் கேட்டேன். என்ன வேணா பண்ணிக்குங்க. அந்தக் கட்டத்தை மட்டும் அழிச்சிடுங்க."

இன்ஜினீயர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தலையசைத்தார். சிவப்புக் கட்டம் மறைந்தது. அம்புகளும் ஒவ்வொன்றாக மறைந்தன. குழந்தைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஜன்னலம்மா நாற்காலியில் சரிந்தார். கணவர் தலையைக் குனிந்து முகத்தைக் கைக்குட்டையால் மூடியிருந்தார். தோள் குலுங்கியது.

"ஏங்க, அழாதீங்க. தப்புதான். அந்த வயசுல புத்தி இல்ல. ஏதாவது பேசுங்களேன். திட்டவாவது திட்டுங்க!"

அவர் நிமிரவில்லை. தோள் இன்னும் பலமாகக் குலுங்கியது.

கடைசி வரிசையில், காலி டீ டம்ளரும் கையுமாக அதுவரை தூங்கி வழிந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் கனைத்தார். மாடி சர்வே ஆபீசில் அந்தக் காலத்தில் பியூனாக இருந்தவர். சீல் பெட்டிச் சாவி அவரிடம்தான் இருக்கும் என்பதால் எல்லோருக்கும் அவர் 'சீல்காரர்'.

"அவர் எங்கம்மா அழறாரு? சிரிப்பை அடக்கிக்கிட்டிருக்காரு. அப்படி ஒரு சான்றே எங்க ஆபீஸ்ல கிடையாதுன்னு நான் முதல் நாளே அவர்கிட்ட சொல்லிட்டேன். 'அது எனக்கும் தெரியும்ணே. நீங்களே ஒன்னு எழுதி சீல் வெச்சுக் குடுங்க, கீழ அந்தப் பொண்ணு காத்துக்கிட்டிருக்கும்'னாரு."