பஸ்ஸில் ஏறிய துண்டு

சேசு மரி சூசை துணை

பாப்பாரப்பட்டி பக்கம்,
12-9-1970

மதிப்புக்குரிய மச்சான் ஞானராஜ் அவர்களுக்கு மதலைமுத்து எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நானும் மாசமாயிருக்கும் உங்கள் தங்கை லூர்து மேரியும் சுகம். அங்குள்ளவர்கள் சுகத்துக்குப் பதில் போடவும்.

நிற்க, நான் பஞ்சாயத்துத் தலைவராக ஜெயித்தது ரோட்டுக்காகவோ விளக்குக்காகவோ அல்ல, ஒரு துண்டுக்காக. தர்மபுரி பஸ்ஸில் டிரைவர் பக்கத்து ஒற்றை சீட்டில், பஸ் புறப்படும்போதே பழைய தலைவர் நஞ்சப்பனின் பண்ணையாள் துண்டு போட்டுவிடுவான், அவர் மூன்று ஊர் தாண்டித் தன் வீட்டு வாசலில் ஏறுவார், அதுவரை துண்டு உட்கார்ந்து வரும், ஆஸ்பத்திரிக்குப் போகும் லூர்து மேரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று வருவாள். எனக்குப் பற்றி எரிந்தது. கண்டக்டரிடம் சொன்னால், "துண்டு வம்பு நமக்கெதுக்குங்க" என்று விசில் ஊதினார். பஸ் முதலாளிக்கு மனு போட்டேன், அந்தச் சீட்டுக்குப் புது மெத்தை போட்டார்கள். கடைசியில் நஞ்சப்பனிடமே பணிவாகக் கேட்டேன். கோபமே படாமல், "நான் உக்காந்து பழகிட்டனுங்க தம்பி, உங்க வூட்டுல நின்னு பழகிட்டாங்க. ரெண்டு பேரும் எதுக்குங்க பழக்கத்த மாத்திக்கிறது?" என்றார்.

அன்றைக்குத் தெளிந்தேன் மச்சான். உட்கார்ந்தவன் தானாக எழுந்ததாகச் சரித்திரமே இல்லை, நாம்தான் எழுப்ப வேண்டும். துண்டை ஒழிப்பேன் என்று தேர்தலில் நின்றேன், பஸ்ஸில் நின்றவர்கள் எல்லோரும் ஓட்டுப் போட்டார்கள். மறுநாளே துண்டை மடித்து அவர் கையில் கொடுத்து லூர்து மேரியை உட்கார வைத்தேன். மனுஷன் பிடித்துக்கொள்ளக் கம்பி எங்கே இருக்கிறதென்று தெரியாமல் தக்காளிக் கூடையில் உட்கார்ந்துவிட்டார். இனி இந்தப் பக்கம் எவனும் சீட்டுக்குத் துண்டு போடமாட்டான்.

அத்தைக்கு என் தோத்திரம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மதலைமுத்து, தலைவர்

பி.கு.: லூர்து மேரி ஆஸ்பத்திரிக்குப் போகாத நாளில் சீட்டு சும்மாதானே இருக்கிறது என்று என் பச்சைத் துண்டைப் போட்டு வைக்கிறேன். தலைவருக்கு அலைச்சல் அதிகம். நேற்று அவளும் பஸ்ஸுக்கு வந்தாள், துண்டை எடுத்து முதுகுக்கு வைத்துச் சாய்ந்துகொண்டாள். "இன்றைக்கு ஒருநாள் எழுந்திரு" என்று நான் சொன்னால், "நான் உக்காந்து பழகிட்டனுங்க. கம்பி மேல இருக்குது, புடிச்சிக்கோங்க" என்கிறாள். தர்மபுரி வரை நின்றேன். அண்ணன் என்ற முறையில் அவளுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லி எழுதவும்.