ஸ்டாண்டுக்குக் காசு வாங்கின கதை

நேத்து எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. ஒரு இரும்பு ஸ்டாண்டை பரீத் இக்காவோட மளிகைக்கடையில இறக்கணும், அதுக்குக் காசு வாங்கிட்டு வரணும்.

புதுசா படிக்கிறவங்களுக்காகச் சொல்லிடுறேன். கொச்சி மட்டாஞ்சேரியில என் வீட்டு அடுக்களைதான் என் கம்பெனி. இஞ்சி மிட்டாய் போடுறேன். முதலாளி நான், தொழிலாளி நான், திட்டு வாங்குறதும் நானே.

கடையில மிட்டாய் கண்ணுல படணுமேன்னு முன்னாடி சும்மாவே கம்பி ஸ்டாண்டு கொடுத்துக்கிட்டிருந்தேன். பக்கத்துல சுள்ளிக்கல் ஏரியாவுல ஒரு கடைக்காரர் அதுல ஹெல்மெட்டை மாட்டினார். இன்னொருத்தர் துண்டு காயப் போட்டார். அந்தத் துண்டுக்கு அடியில என் மிட்டாய் மூச்சு முட்டிக் கிடந்துச்சு!

எனக்கு ரோஷம் வந்துருச்சு. "சும்மா கொடுக்கிறதாலதான் இந்த இளக்காரம். இனிமே ஸ்டாண்டுக்குக் காசு!"

என் வீட்டுக்காரர், அதாவது நான் மச்சான்னு கூப்பிடுறவர், போன்ல இருந்து தலையைத் தூக்கினார். "நம்ம மிட்டாயை வைக்க அவங்க காசு கொடுப்பாங்களா? நல்லா யோசி."

"பாருங்க நீங்க!"

காசு வாங்கப் போறோமே, பொருள் நல்லா இருக்கணும்ல? ஜன்னல் கம்பி அடிக்கிற வெல்டரைப் பிடிச்சேன். "கனமா போடுங்க சேட்டா!"

"இதுல என்ன வைக்கப் போறீங்க?"

"இஞ்சி மிட்டாய்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனா அடிச்சுக் கொடுத்தார். நான் கொடுத்த கூலி, அடுத்த மூட்டை இஞ்சி வாங்க வெச்சிருந்த காசு. அது திரும்பி வரலைன்னா அடுத்த வாரம் அடுப்பு மூட்ட வேண்டியதில்ல.

ஆட்டோவில ஸ்டாண்டு பாதி உள்ளே, பாதி வெளியே. "சேச்சி, கோழிக்கூடாணோ?"ன்னு கேட்டார் டிரைவர். "கோழிக்கூடு இல்ல, டிஸ்ப்ளே ஸ்டாண்டு"ன்னேன், கெத்தா.

பரீத் இக்கா கடை படகு ஜெட்டிக்குப் போற வழியில. எப்பவும் கூட்டம். கல்லாப்பெட்டி பக்கத்துலயே என் மிட்டாய் பாட்டில் இருக்கும். என் வியாபாரத்துல பாதி அந்த ஒரு பாட்டில்லதான் ஓடுது.

சாயா வந்துச்சு. கண்ணாடி முன்னாடி நின்னு ஒத்திகை பார்த்த பேச்சை எடுத்து விட்டேன். "இக்கா, இந்த ஸ்டாண்டு சும்மா இல்ல..."

அவர் எழுந்து வந்து ஸ்டாண்டைப் பிடிச்சு ஆட்டினார். ஆடலை. தட்டுல கையை ஊன்றி அழுத்தினார். தட்டு வளையவே இல்ல.

"எத்தரையா?"ன்னு விலை கேட்டார்.

எப்படியும் பேரம் பேசுவாரேன்னு கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.

பேசலை! கல்லாவைத் திறந்து அப்படியே கொடுத்துட்டார்!

அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். நான் எங்க! ரோட்டுல நின்னு மச்சானுக்குப் போன் போட்டு, "பார்த்தீங்களா? கொடுத்துட்டாங்க!"ன்னு கத்தினேன்.

இன்னைக்குக் காலையில ஸ்டாண்டை நிரப்ப மிட்டாயோட போறேன். மேல் தட்டுல முட்டை. நடுத்தட்டுல எண்ணெய் டின். கீழ்த்தட்டுல தேங்காய். உச்சியில மட்டும் என் போர்டு, 'நசீமா இஞ்சி மிட்டாய்'னு!

"இக்கா! இது என் ஸ்டாண்டு!"

"அதெப்படி மோளே? நேத்து வரை உன்னோடது. காசு வாங்கிட்டியே, இப்ப என்னோடதல்லே?"

கல்லாப்பெட்டி பக்கம் திரும்பினேன். பாட்டிலைக் காணோம்.

"சரி, என் பாட்டில் எங்கே?"

"நீதான் பெரிய ஸ்டாண்டு கொண்டு வந்துட்டியே. இனி பாட்டில் எதுக்குன்னு எடுத்துட்டேன்."

அந்த இடத்துல வேற யாரோடதோ கடலை மிட்டாய் உட்கார்ந்திருக்கு. எனக்கு நிஜமாவே அழுகை வந்துருச்சு. இருந்த இடத்தையும் நானே வித்துட்டு வந்திருக்கேன், அதுவும் சந்தோஷமா!

கெஞ்சிக் கூத்தாடினதுல, முட்டைக்குப் பக்கத்துல ஒரு சாண் இடம் கிடைச்சுது. "வாடகை வேண்டாம், நீ நம்ம ஆளாக்கும்"னு பெரிய மனசு வேற!

வெளியே வந்தா பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் கூப்பிடுறார். "சேச்சி, அந்த ஸ்டாண்டு எனக்கும் ஒண்ணு வேணும்." எதிர்த்த பழக்கடைக்காரர், "எனக்கு ரெண்டு!"

போன உயிர் திரும்பி வந்துச்சு. "மிட்டாய் எத்தனை பாக்கெட் வைக்கட்டும்?"

"மிட்டாயோ? அது வேண்டாம்."

"போர்டும் வேண்டாம்"னார் பழக்கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் கொட்டினேன். மச்சான் சிரிக்கலை. நெத்தியைச் சுருக்கி, ரொம்ப அக்கறையா யோசிச்சுட்டுச் சொன்னார்: "பேசாம ஸ்டாண்டுக்குக் காசு வாங்கு. வாங்குறவங்களுக்கு மிட்டாயைச் சும்மா கொடு."

வந்த கோபத்துல கதவைச் சாத்திட்டு நேரா வெல்டர்கிட்ட போய், மூணு ஸ்டாண்டு சொல்லிட்டு வந்தேன்.