மூன்று வீட்டுப் பெட்டிகளும் என் கூறைச் சேலையும்

படித்தவர்கள் செய்யும் மடத்தனத்துக்கு ஈடு இணை கிடையாது. மற்றவர்கள் தடுக்கி விழுந்தால் எழும்பித் தூசியைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நாங்கள் முதலில் வரைபடம் கீறுவோம், பிறகுதான் விழுவோம்.

கணினியில் பட்டம் வாங்கிய கையோடு எனக்கும் ரூபனுக்கும் கலியாணம் பேசி முற்றாகியிருந்தது. காலையில் தேவாலயத்தில் வெள்ளைச் சேலை, பின்னேரம் கூறை. கூறைக்கான காசை ரூபனின் அம்மா என் கையிலேயே தந்தார். மாமி பண்டத்தரிப்பில் இருப்பவர், மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவர். "உந்த நிறங்கள் எனக்கு விளங்காது. நீரே பாத்து எடும் பிள்ளை" என்றார்.

நான் சேலை எடுக்கவில்லை. (எழுதும்போதே காது சுடுகிறது.)

அந்த நாளில் எனக்கொரு பைத்தியம் பிடித்திருந்தது. யார் யாருடையவோ கோப்புகளைத் துண்டு துண்டாக்கிப் பூட்டி, முன்பின் தெரியாதவர்களின் வீட்டுக் கணினிகளில் பிரித்து வைக்கும் வலையமைப்பு அது. இடம் கொடுத்தால் மாதாமாதம் வாடகை. ஆனால் கணினி இரவு பகல் நித்திரை கொள்ளக்கூடாது. அதற்கு உத்தரவாதமாகப் பிணைப்பணம் கட்டவேண்டும். நித்திரை கொண்டால் அதில் வெட்டுவார்கள். யாரும் இருந்து வாடகைக் கதிரையின் கால் முறிந்தால் முற்பணத்தில் கழிப்பார்களே, அதே கணக்குத்தான். கூறைக் காசைப் பிணையாகக் கட்டினேன். கலியாணத்துக்கிடையில் அது இரண்டு கூறையாகத் திரும்பி வரும் என்று நம்பினேன்.

நான் என்ன லேசுப்பட்டவளா? அரியாலையில் எங்கள் வீட்டில் ஒரு பெட்டி, மருதனார்மடத்தில் அக்கா வீட்டில் ஒன்று, மாமி வீட்டில் ஒன்று என்று மூன்று கணினிப் பெட்டிகள் வைத்தேன். மூன்றிலும் ஒரே துண்டுகள். ஒன்று முழித்திருந்தாலே காசு தப்பும். கரண்ட் போனால் தாங்க ஒவ்வொன்றுக்கும் பற்றரி வேறு.

"மூண்டு ஊரிலையும் ஒரே நேரத்திலை பெட்டி நிக்கச் சான்ஸே இல்லை" என்று ரூபனுக்கு விரிவுரை அடித்தேன்.

"காசு விசயம் அம்மாட்டைச் சொன்னனீரோ?"

"லாபம் வந்தாப்பிறகு சொல்லுவம்."

மாமி பாவம், தான் பின்னிய பூப்பின்னல் துணியைப் பெட்டிக்குப் போர்த்தி அழகு பார்த்தார்.

ஐப்பசி மழைக்காலத்தில் ஒருநாள் வேலையிடத்தில் இருந்தேன். பண்டத்தரிப்புப் பெட்டி நித்திரையாகிவிட்டதாகக் கைபேசி சொன்னது. சிரித்தேன். இதற்குத்தானே மூன்று! சற்றைக்குள் மருதனார்மடம் போனது. தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்புகிறேன், அரியாலையும் போய்விட்டது. பதறிப்போய் மாமிக்குப் போன் அடித்தேன்.

"ஓம் பிள்ளை, நானே உமக்குப் போன் எடுக்கோணும் எண்டு இருந்தன். இஞ்சை இடி முழங்குது. மெயினை நிப்பாட்டிப்போட்டு, முதல் வேலையா உம்மடை பெட்டியைத்தான் கழட்டினனான்."

"பற்றரி இருக்கே மாமி!"

"அதையும் கழட்டி அலுமாரிக்குள்ளை வைச்சிட்டன். உம்மடை அக்காவுக்கும் அம்மாவுக்கும் அடிச்சு அவையளையும் கழட்டச் சொன்னனான். ஒண்டுக்கும் யோசியாதையும்."

ஊர் மூன்று, பற்றரி மூன்று, மாமி ஒருவர்! வானம் கறுத்தால் மெயின் சுவிச்சை நிப்பாட்டுவதும், அந்தக் கையோடு சொந்தக்காரருக்கெல்லாம் அடித்துச் சொல்வதும் எங்கள் ஆட்களின் இரத்தத்தில் ஊறியது. நானும் அப்படித்தான் வளர்ந்தேன். வரைபடத்தில் மட்டும் அதைக் கீற மறந்துவிட்டேன்.

"ஐயோ மாமி, கூறை!" என்று அலறினேன்.

"கூறையோ? கொடியிலையே கிடக்குது? கெதியா உள்ளுக்கை எடும்!"

இடி ஓய்ந்ததும் மழையில் நனைந்தபடி ஸ்கூட்டரில் பண்டத்தரிப்புக்குப் பறந்தேன். அதற்கிடையில் பிணைப்பணத்தில் பாதியை வெட்டிவிட்டார்கள். மாமியின் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் என் தலையில் துவாயைப் போட்டுவிட்டு, தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். கலியாணம் குழம்பிவிட்டது என்றே நினைத்தேன்.

"அப்ப என்ரை காசை நானே கழட்டிப்போட்டன் எண்டுறீர்?"

"ஓம் மாமி."

"இடியிலை மூண்டு பெட்டியும் எரிஞ்சிருந்தால்?"

"முழுக்கப் போயிருக்கும்."

"அப்ப மிச்சத்தைக் காப்பாத்தினதும் நான்தான்!" என்று மாமி சிரிக்கத் தொடங்கினார். மூக்குக்கண்ணாடி மடியில் விழும்வரை சிரித்தார்.

மிச்சக் காசுக்குள் அடங்கிய கூறையைக் கட்டிக்கொண்டு மணவறையில் இருந்தேன். அன்றிலிருந்து இடி முழங்கினால் எங்கள் குடும்பத்தில் யாராவது யாருக்காவது அடித்து, "கூறையை உள்ளுக்கை எடுத்தாச்சோ?" என்று கேட்பார்கள்.

கலியாணத்துக்குப் பிறகு, என் சம்பளத்தில் பிணை கட்டி மறுபடி தொடங்கினேன். (பைத்தியம் அவ்வளவு லேசில் தெளியுமா?) இந்தமுறை அக்கா வீட்டுப் பெட்டியைப் பருத்தித்துறைக்கு மாற்றினேன். அங்கே இருப்பவர் மாமியின் தங்கை, எனக்குச் சின்னமாமி. ஏதோ ஒரு கலியாண வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட விதம் சரியில்லை என்று இரண்டு பேருக்கும் பல வருடங்களாகக் கதைபேச்சு இல்லை. மாமி செத்தாலும் அடிக்கமாட்டாத ஒரே வீடு! எத்தனையோ இடி முழங்கியது, பருத்தித்துறை அசையவில்லை.

போன ஐப்பசியில் மூன்றும் ஒன்றாகப் போயின. சின்னமாமிக்கு அடித்தேன்.

"உம்மடை மாமி போன் எடுத்தவ பிள்ளை" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. "உங்கடை பக்கம் கடும் இடியாம், கவனமா இரு எண்டவ. பெட்டியையும் கழட்டட்டாம். பிறகு இருந்து கனக்கக் கதைச்சம்."

அந்த முறையும் வெட்டினார்கள். வெட்டட்டும். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமிக்கு அடித்தேன், லைன் கிடைக்கவில்லை. சின்னமாமிக்கு அடித்தேன், அதுவும் கிடைக்கவில்லை. இரண்டு பேரும் மறுபடி கதைத்துக்கொண்டிருந்தார்கள். கூறையை உள்ளுக்கை எடுத்தாச்சோ என்று என்னைக் கேட்கக்கூட அன்றைக்கு ஆளில்லை.