அத்தானுக்கு வைத்த பலகை

என்றும் என் மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உன் தம்பி பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் என் சம்சாரமும் சுகம். அங்கே உன் இடுப்பு வலி குறைந்து, மகள் வீட்டு மாடிப்படியில் நீயாகவே ஏறி இறங்குவாய் என்று நம்புகிறேன். அடுத்த மாதம் நீ நம் வீட்டைப் பார்க்க வருவதாக உன் மகள் போனில் சொன்னாள். துள்ளிக் குதிக்க வேண்டியவன், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நீ காரை விட்டு இறங்கியதும் வாசலில் ஒன்றைப் பார்ப்பாய். அதை என் வாயால் முதலில் கேட்டுவிடு.

போன வருஷம் நகராட்சிக்கு ஒரு ஆசை வந்தது. ஊருக்கு உழைத்தவர்கள், பழைய கட்டடங்கள், இவற்றைப் பற்றித் தெருவோரமாக நினைவுப் பலகை வைக்கிறார்களாம். முனையில் இருக்கும் சர்ச்சுக்கு ஒன்று வைத்தார்கள், சரி. வாசகசாலைக்கு வைத்தார்கள், அதுவும் சரி. மூடிக் கிடக்கிற சோடா கம்பெனிக்கும் வைத்ததும் எனக்கு வயிறு எரிந்துவிட்டது. எங்கள் அக்கா இந்த வீட்டு முன்னறையில் கட்டில் போட்டு ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவள், அவளுக்கு இல்லாத பலகை சோடாவுக்கு எதற்கு என்று உட்கார்ந்து உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. கொண்டுபோய்க் கொடுத்தால் குமாஸ்தா படித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு சார். இவங்க காலமான தேதி போடலையே?" என்றார். உயிரோடு இருக்கிறாள் என்றேன். "அடடா, அப்ப முடியாதே சார். இருக்கிறவங்களுக்குப் பலகை கிடையாது. கொஞ்சம் பொறுங்க" என்றார். எதற்குப் பொறுப்பது? நான் கோபத்தில் எழுந்தேன். அவர் நல்ல மனுஷன், கையைப் பிடித்து உட்கார வைத்து, "வீட்டுல வேற யாராவது போயிட்டாங்களா சார்?" என்று கேட்டார். அந்த நேரத்தில் என் புத்தி எங்கே போயிற்றோ, அத்தான் பெயரைச் சொல்லிவிட்டேன். "அப்புறம் என்ன? மேட்டர் அப்படியே இருக்கட்டும். பேரை மட்டும் மாத்திக்கலாம்" என்றார். நானும் கையெழுத்துப் போட்டேன் அக்கா.

அத்தானை எனக்குப் பிடிக்காது என்று நினைக்காதே. தங்கமான மனுஷர். ஆனால் உள்ளே ஒரு முனகல் கேட்டாலே ரேடியோவைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறவர். கைக்கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவர் என்பதால், குழந்தை பிறந்ததும் நீ உள்ளேயிருந்து "மணி என்ன?" என்று கத்துவாய், அவர் இறங்கி வந்து கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வார். ஒரு தடவை தெரியாமல் ரத்தத் தண்ணீர் இருந்த பேசினைப் பார்த்து அவர் மயங்கி விழ, பிரசவத்துக்கு வந்தவளே எழுந்து உட்கார்ந்து அவருக்குத் தண்ணீர் தெளிக்கச் சொன்னாள். அந்த மனுஷரைத்தான், "இரவு பகல் பாராது, தம் இரு கைகளால் இவ்வூரின் ஒரு தலைமுறையையே வரவேற்றவர்" என்று பளபளவென்று செதுக்கி நம் வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

திறப்பு விழாவுக்கு நகராட்சித் தலைவி வந்தார். பிறக்கும்போது கால் முன்னே வந்து உன்னை விடிய விடியப் பாடாய்ப் படுத்தினாளே, அந்தப் பெண்தான். மைக்கைப் பிடித்து, "ஐயாவோட கைதான் என்னைத் திருப்பி உலகத்தைக் காட்டுச்சு" என்றார். கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன். மற்றதையெல்லாம்கூட விடு, நான் தட்டினேனே, அதுதான் இன்னும் ஆறவில்லை. பலகை பக்கத்தில் வேறு போர்டு இருக்கக் கூடாது என்றதால், நர்ஸம்மா என்று எழுதிய உன் தகரப் போர்டையும் நானே ஸ்க்ரூ கழற்றி எடுத்தேன். எதிர்வீட்டுத் தையல்காரி, உன் கையில் ரெண்டு பெற்றவள், நடுத்தெருவில் நின்று, "உங்க அக்கா உசுரோட இருக்கிறது அவ்வளவு பெரிய தப்பா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சே இல்லை. போன வாரம் ஒரு கர்ப்பிணிப் பெண் பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் உள்ளே போய்விட்டேன்.

குமாஸ்தாவிடம் போய்க் கழற்றுங்கள் என்று கெஞ்சினேன். "நீங்க சொன்னா முடியாது சார். அவரோட சம்சாரம் ஆட்சேபிச்சாத்தான் முடியும்" என்றார். அதனால் அக்கா, நீ ஒரு வரி எழுதி அனுப்பு. உண்மையைக் கூச்சப்படாமல் எழுது. அத்தான் மேலே இருந்து கோபப்பட மாட்டார், அவருக்கே இது தாங்காது. இத்தனை வருஷம் நீ செய்த வேலையை ஒரு கையெழுத்தில் தூக்கி இன்னொருத்தருக்குக் கொடுத்தவன் உன் கூடப் பிறந்தவன். மன்னிக்கச் சொல்லக்கூட வாய் வரவில்லை. வந்து நாலு அறை அறை, வாங்கிக்கொள்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, உன் மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசி. உன் காலில் விழுந்து எழுந்து முடிக்கிறேன்.

உன் சின்னவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது குமாஸ்தாவே போன் செய்தார். நீ எதுவும் எழுத வேண்டாம் அக்கா, எல்லாம் சுமுகமாக முடிந்துவிட்டது. இறந்தவருக்குச் சொந்தம் என்றால், உயிரோடு இருப்பவர்களையும் பலகையில் சேர்க்க விதியில் இடம் இருக்கிறதாம். கடைசி வரியாக, "இப்பணியில் அன்னாருக்கு அவர் மனைவியும் ஒத்தாசையாக இருந்தார்" என்று செதுக்குகிறார்கள். உன் பெயருக்குத்தான் இடம் பற்றவில்லை என்றார். மனைவி என்றாலே எங்கள் அக்காதான் என்று ஊருக்கே தெரியும், பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன்.