சொல்லுக்கும் தொடருக்கும் நடுவில் ஒரு லிஃப்ட்

போன வருஷம் அரசு அலுவலகங்களில் மீன் தொட்டி வைப்பதுதான் நாகரிகமாக இருந்தது. மீன் நீந்துவதைப் பார்த்தால் மனு கொடுக்க வந்தவர்களின் கோபம் தணியும் என்று ஒரு நிபுணர் எழுதிக் கொடுத்திருந்தார். கோபம் தணியவில்லை, மீன்கள்தான் செத்துப்போயின. இந்த வருஷம் மொழியியல் வந்தது. மக்கள் குறைகளை மொழியில்தானே சொல்கிறார்கள், ஆகவே அவற்றை மொழியியல் முறைப்படி கேட்பதே விஞ்ஞானபூர்வமான நிர்வாகம் என்று மேலிடம் தீர்மானித்துவிட்டது.

அதன்படி பொதுமக்கள் குறைகேட்பு இயக்ககம் மாடிவாரியாகப் பிரிக்கப்பட்டது. முதல் மாடியில் ஒலியியல். வந்தவர் வாயிலிருந்து என்ன சத்தம் வருகிறது என்று மட்டும் அங்கே கேட்பார்கள். இரண்டாம் மாடியில் உருபனியல், அந்தச் சத்தத்தைச் சொல் சொல்லாகவும் சொல்லைத் துண்டு துண்டாகவும் பிரிக்கிற இடம். மூன்றாம் மாடித் தொடரியல்காரர்கள் துண்டுகளை மறுபடி வாக்கியமாகக் கோப்பார்கள். அர்த்தம் நாலாவது மாடியில் இருந்தது. ஐந்தாவதில் சூழற்பொருளியல், அதாவது சொன்னவர் உண்மையில் எதை நினைத்துச் சொன்னார் என்று கண்டுபிடிக்கிற பிரிவு. ஆறாவதில் இயக்குநர். ஏற்பாடு அருமைதான். என்ன, நாலாவது மாடி வரைக்கும் இன்னும் ஒரு மனுவும் போய்ச் சேரவில்லை.

இந்தக் கட்டடத்து லிஃப்டைச் சோதிக்கத்தான் லிஃப்ட் இன்ஸ்பெக்டர் அன்று வந்தார். சோதனை வழக்கம்போல் கீழ்த்தளத்து அறையில், ஒரு கப் டீயோடு நடந்து முடிந்தது. 'அவசர மணி நன்கு ஒலிக்கிறது. மின்தடையின்போது லிஃப்ட் தானாகவே அருகிலுள்ள தளத்தை அடைந்து கதவு திறக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். லிஃப்டில் அவர் ஏறுவதே கிடையாது. தொழில் தெரிந்தவர் அல்லவா, எங்கே போனாலும் படிதான்.

அன்றைக்கு மட்டும் அவருக்கு அவசரம். மகள் முதல்முறையாக வேலைக்கு வெளியூர் போகிறாள். ஐந்து மணிக்கு பஸ். காலையில் அவள் கேட்டாள், "அப்பா, இன்னிக்காவது நேரத்துக்கு வந்துடுவீங்களா?"

"என்ன தொனி இது? யார்கிட்ட பேசுறோம்னு நெனப்பிருக்கா? இந்தப் பேச்செல்லாம் எங்க கத்துக்கிட்டே?"

"அவ கேட்டதுக்குப் பதில் சொல்லுங்களேன்," என்றாள் மனைவி.

சொல்லாமலே கிளம்பி வந்துவிட்டார். நாள் முழுக்க அது மனசை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆறாவது மாடியில் சான்றிதழைக் கொடுத்துவிட்டு ஓடினால் பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று லிஃப்டில் ஏறினார். இரண்டாம் மாடி தாண்டியதும் கரண்ட் போய்விட்டது.

அவசர மணியை அழுத்தினார். அது நன்கு ஒலிக்கவில்லை. சுமாராகக்கூட ஒலிக்கவில்லை. அருகிலுள்ள தளமும் வந்து சேரவில்லை. செல்போனில் சிக்னல் இல்லை. இருட்டில் வியர்த்துக்கொட்ட, கதவைத் தட்டிக் கத்தினார்: "யாராவது வந்து கதவைத் திறங்க!"

கீழேயிருந்து தடதடவென்று யாரோ ஓடி வந்தார்கள். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"கேட்குது சார், நல்லாக் கேட்குது! ஒலியியல்லேர்ந்து வர்றேன். இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார்.

"அடடா, என்ன குரல் சார்! அடிவயித்துலேர்ந்து வருது."

"அப்போ திறங்களேன்யா!"

"திறக்கிறதெல்லாம் அர்த்தம் சம்பந்தப்பட்டது சார். அது நாலாவது மாடி. நாங்க சத்தம் மட்டும்தான்."

அதற்குள் உருபனியல் அதிகாரி தம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "சார், உங்க சொல்லை 'திற', 'ங்க'ன்னு பிரிச்சாச்சு. 'ங்க'ங்கிறது மரியாதை. மரியாதையை நாங்க ஏத்துக்கிட்டோம். 'திற' இன்னும் பரிசீலனையில இருக்கு."

"எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. என் பொண்ணு காத்துக்கிட்டிருக்கா!"

"அது வேற வாக்கியம்," என்று தலைக்கு மேலே ஒரு குரல் கண்டித்தது. அது தொடரியல். "முதல் வாக்கியத்துக்கே வழி பிறக்கலை. எழுவாய் 'யாராவது'ன்னு போட்டிருக்கீங்க. இங்க யாரும் யாராவது இல்ல சார். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிப் பதவி இருக்கு."

"சரி, நீங்களே திறங்க!"

"அப்படின்னா புதுசா முதல் மாடியிலேர்ந்து வரணும்."

ஐந்தாவது மாடி மேடம் படியிறங்கி வந்தார். அவருக்கு அடிப்படையிலேயே சந்தேகம். "திறக்கச் சொல்றாரே, நிஜமாவே திறக்கத்தான் சொல்றாரா? எங்க மாமியார் 'நான் கிளம்புறேன்'னு சொன்னா, இருங்கன்னு கெஞ்சணும்னு அர்த்தம். கிளம்புங்கன்னு சொல்லிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

இன்ஸ்பெக்டர் கதவை உதைத்தார். உதை மொழியில் சேராது என்று எல்லாரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

கடைசியில் நாலாவது மாடிக்காரரே மூச்சிரைக்க இறங்கி வந்தார். பதவிக்கு வந்த நாளாக ஒரு வாக்கியத்தைக்கூடக் கண்ணால் பார்க்காத மனுஷன். காதைக் கதவில் வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"புரிஞ்சுடுச்சு! கதவைத் திறக்கணும்கிறார்!"

படிக்கட்டெல்லாம் கைதட்டல். உள்ளே இன்ஸ்பெக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆமாங்க, அதேதான்! திறங்க!"

கைதட்டல் ஓய்ந்தது. பிறகு நாலாவது மாடிக்காரர் வருத்தத்தோடு சொன்னார், "புரிஞ்சுக்கத்தான் சார் எனக்கு அதிகாரம். செய்யறதுக்குன்னு மொழியியல்ல பிரிவே கிடையாது."

"இதுக்கு முன்னாடி யாரும் மாட்டினதில்லையா?"

"போன மாசம் ஒருத்தர் மாட்டினார்."

"அவரை என்ன செஞ்சீங்க?"

"கரண்ட் வந்துச்சு."

இன்ஸ்பெக்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். சான்றிதழை மடித்து விசிறிக்கொண்டார். இந்த அதிகாரிகள்மேல் பற்றிக்கொண்டு வந்த ஆத்திரம் மெல்ல அவர்மேலேயே திரும்பியது. காலையில் அவர் செய்தது மட்டும் என்ன? மகள் கேட்டது ஒன்றே ஒன்று. அவர் தொனியைப் பிடித்துக்கொண்டார், யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டார், எங்கே கற்றாய் என்று பூர்வீகம் விசாரித்தார். எல்லா மாடியும் ஏறி இறங்கியவர் நாலாவது மாடியில் மட்டும் கால் வைக்கவில்லை. பயந்துகொண்டு கேட்டிருக்கிறாள் குழந்தை. 'வர்றேம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குடி முழுகியா போயிருக்கும்? வெளியே போனதும் முதல் வேலையாக அதைச் சொல்லிவிட வேண்டும் என்று மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். சொல்லச் சொல்ல அழுகை வந்தது.

கரண்ட் வந்தது. லிஃப்ட் ஒன்றும் தெரியாததுபோல் மூன்றாம் மாடிக்கு ஏறிக் கதவைத் திறந்தது. அத்தனை பிரிவு அதிகாரிகளும் பாதியில் ஆய்வு கலைந்த ஏமாற்றத்தோடு நின்றார்கள். இன்ஸ்பெக்டர் வெளியே கால் வைத்ததும் செல்போன் அடித்தது.

"அப்பா! எங்கப்பா இருக்கீங்க? எத்தனை தடவை கூப்பிடுறது! பஸ் எடுக்கப் போறாங்க! வர்றீங்களா இல்லையா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். 'வர்றேம்மா' நாக்கு நுனிவரை வந்து நின்றது. சுற்றி இத்தனை பேர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நிமிர்ந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முதல்ல குரலைத் தாழ்த்திப் பேசு! அப்பாகிட்ட பேசுற தொனியா இது?"

அந்தப் பக்கம் கண்டக்டரின் விசில் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

ஒலியியல் அதிகாரி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சார், எங்க பிரிவுல ஒரு இடம் காலியா இருக்கு. நீங்க எங்க படிச்சீங்க?"

"நானா? நான் இதெல்லாம் படிச்சதே இல்லையே."

"நாங்க மட்டும் படிச்சோமா சார்?" என்றார் அதிகாரி. "எல்லாம் வீட்டுல பழகினதுதான்."